உணவு டெலிவரி ஊழியர்களின் கூலியும் டிப்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப் மூலம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ரைடர்களும் ஆர்டர் போடும் வாடிக்கையாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். பதில்கள் தமிழ்நாட்டில் வண்டி ஓட்டுபவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஹோட்டல் வாசலில் பார்சலுக்காக நிற்கும் நேரமும், அடுத்த ஆர்டர் வருமா என்று மரத்தடியில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமும் வேலை நேரம்தான். கீழே வரும் கூலிக் கணக்குகளை அப்படித்தான் போட்டிருக்கிறோம்.

ஒரு ஆர்டருக்கு இவ்வளவு என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

நிறுவனத்துக்கு நிறுவனம், ஊருக்கு ஊர், சில சமயம் ஒரே ஊரில் சோனுக்கு சோன் (நிறுவனம் பிரித்துவைத்த பகுதி) ரேட் கார்டு, அதாவது கூலிப் பட்டியல், மாறும். பொதுவாக அதில் நான்கைந்து துண்டுகள் இருக்கும்: அடிப்படைத் தொகை, கிலோமீட்டர் காசு, ஹோட்டலில் காத்திருந்ததற்கான காசு, மழை அல்லது நெரிசல் நேரக் கூடுதல், நாள் அல்லது வார இலக்கை முடித்தால் இன்சென்டிவ்.

காசு விட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. முதலாவது தூரம். ஹோட்டலிலிருந்து வாடிக்கையாளர் வீடு வரைக்கும் முழு ரேட் கிடைக்கும். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து ஹோட்டலுக்குப் போகும் தூரத்துக்குக் குறைந்த ரேட், அல்லது ஒன்றுமே இல்லை. கொடுத்துவிட்டு சோனுக்குத் திரும்பி வருவது பெரும்பாலும் உங்கள் பெட்ரோல்தான். வேளச்சேரியில் எடுத்த பார்சல் மேடவாக்கம் தாண்டிப் போனால், திரும்பும் பாதி வழி உங்கள் கைக்காசு. இரண்டாவது பேட்ச் ஆர்டர். ஒரே ஹோட்டலில் இரண்டு பார்சல் எடுத்து இரண்டு வீட்டில் கொடுக்கும்போது, இரண்டாவது பார்சலுக்கு முழு அடிப்படைத் தொகை வராது. மூன்றாவது காத்திருப்பு. ஹோட்டலை அடைந்ததும் 'ரீச்டு' பட்டனை அழுத்தினால்தான் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, கவுண்டரில் ஆர்டர் எண்ணைச் சொல்லிய பிறகு அழுத்துபவர்களுக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நிமிடம் போகிறது. அதற்காக, போய்ச் சேரும் முன்பே அழுத்தவும் வேண்டாம். ஜிபிஎஸ் பொருந்தாவிட்டால் அதையே குற்றமாக எழுதி உங்கள் ஐடியில், அதாவது ஆப் கணக்கில், கை வைப்பார்கள்.

உண்மையில் மணிக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று எப்படிக் கணக்குப் போடுவது?

ஆப் காட்டும் தொகையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நோட்டில் தினமும் நான்கு எண் எழுதினால் போதும்: லாகின் நேரம், லாக் அவுட் நேரம், கிளம்பும்போது வண்டி மீட்டர், வீடு வந்ததும் வண்டி மீட்டர்.

உதாரணத்துக்கு ஒரு மாலை. 6 மணிக்கு லாகின், 11 மணிக்கு லாக் அவுட். ஒன்பது ஆர்டர், ஆப்பில் 415 ரூபாய், இன்சென்டிவ் 100, ஆக 515. ஆப் கணக்கில் 34 கிலோமீட்டர், வண்டி மீட்டரில் 58. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி, பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் பெட்ரோலுக்கு 130. ஆயில், டயர், பிரேக், செயின் எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 75 பைசா என்றால் 44. போன் ரீசார்ஜில் அன்றைய பங்கு 11. செலவு 185 போக மிச்சம் 330. ஐந்து மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 66 ரூபாய்.

இதே மாலையை, ஆர்டர் கையில் இருந்த 3 மணி 20 நிமிடத்தை மட்டும் வைத்து, செலவைக் கழிக்காமல் கணக்கிட்டால் மணிக்கு 154 ரூபாய் என்று வரும். விளம்பரத்தில் 'மணிக்கு இவ்வளவு சம்பாதிக்கலாம்' என்று பார்த்தால், எந்த நேரத்தால் வகுத்தார்கள், செலவைக் கழித்தார்களா என்ற இரண்டையும் கேளுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண் இருக்கிறது. ஜொமேட்டோ நிறுவனர் தீபிந்தர் கோயல் 2026 ஜனவரித் தொடக்கத்தில் வெளியிட்ட கணக்கின்படி, 2025-ல் அவர்கள் ரைடரின் சராசரி வருமானம் டிப்ஸ் இல்லாமல் மணிக்கு 102 ரூபாய். நாளைக்கு 10 மணி நேரம், மாதம் 26 நாள் ஓட்டினால் சுமார் 26,500. பெட்ரோல், பராமரிப்புக்கு 20 சதவீதம் கழித்தால் சுமார் 21,000. உங்கள் நோட்டுக் கணக்கில் செலவு 20 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று ஒரு மாதம் பாருங்கள். மேலே உள்ள உதாரணத்தில் அது 36 சதவீதம். மீட்டர் கிலோமீட்டருக்கும் ஆப் கிலோமீட்டருக்கும் உள்ள இடைவெளிதான் அதற்குப் பெரிய காரணம்.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் எங்களுக்குப் பொருந்துமா?

இன்றைய நிலையில் இல்லை. அந்தச் சட்டம் முதலாளியிடம் வேலை பார்க்கும் ஊழியருக்கானது. ஆப் நிறுவனங்கள் ரைடரை 'டெலிவரி பார்ட்னர்', அதாவது தனி ஒப்பந்தக்காரர் என்று எழுதிக் கையெழுத்து வாங்குகின்றன. ரேட்டை அவர்கள் முடிவு செய்கிறார்கள், எந்த ஆர்டர் யாருக்கு என்பதை அவர்கள் முடிவு செய்கிறார்கள், வேண்டாம் என்றால் ஐடியை அவர்களே முடக்குகிறார்கள். பங்காளி என்ற சொல்லுக்கு இதில் எந்தப் பொருளும் இல்லை என்பது எங்கள் கருத்து. இந்தக் கேள்வியை இந்திய ஆப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு 2021-ல் உச்ச நீதிமன்றத்துக்கே கொண்டுபோனது. கூலியும் பாதுகாப்பும் கேட்டு 2025 டிசம்பர் 25, 31 தேதிகளில் நாடு தழுவிய வேலை நிறுத்த அழைப்பும் வந்தது.

புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே, அதில் கூலி இல்லையா?

இல்லை. 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, கிக் தொழிலாளி (வழக்கமான முதலாளி-ஊழியர் உறவுக்கு வெளியே வேலை செய்து சம்பாதிப்பவர்), பிளாட்பார்ம் தொழிலாளி (ஆப் போன்ற இணையத் தளம் வழியாக வேலை பெறுபவர்) என்ற பெயர்களை முதன்முதலாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆப் நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை ஒரு நிதிக்குக் கட்ட வேண்டும். ரைடர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதம் அதற்கு உச்சவரம்பு. அந்த நிதியிலிருந்து விபத்து, மருத்துவம், மகப்பேறு, முதுமை போன்றவற்றுக்குத் திட்டங்கள் வரும். ஒரு ஆர்டருக்கு இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை.

இந்தத் திட்டங்களின் பலனைப் பெற, 2025 டிசம்பர் 30-ல் வந்த வரைவு விதிகள் ஒரு நிபந்தனை வைத்தன. முந்தைய நிதியாண்டில் ஒரே நிறுவனத்தில் 90 நாள், அல்லது பல நிறுவனங்களில் சேர்த்து 120 நாள் வேலை செய்திருக்க வேண்டும். எந்த நாளில் கொஞ்சமாவது வருமானம் வந்ததோ அது ஒரு நாள். வேலை செய்த நாட்களுக்கு உங்களிடமும் ஆதாரம் இருக்கட்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஆப்பில் போடும் டிப்ஸ் முழுசாக ரைடருக்குப் போகிறதா?

இந்தியாவின் பெரிய நிறுவனங்கள், முழுத் தொகையும் பிடித்தமின்றி ரைடருக்கே என்று சொல்கின்றன. அதைச் சரிபார்ப்பது எளிது. ஆர்டர் முடிந்ததும் அந்த ஆர்டரின் வருமான விவரத்தைத் திறந்தால் டிப்ஸ் தனி வரியாக இருக்க வேண்டும். தனி வரி இல்லாமல் மொத்தத் தொகை மட்டும் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கேளுங்கள். வாடிக்கையாளர் "30 ரூபாய் போட்டிருக்கேன்" என்று சொன்னால் அப்போதே ஆர்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அன்றிரவே பாருங்கள். வாரம் கழித்துத் தேடினால் எந்த ஆர்டர் என்றே நினைவிருக்காது. டெலிவரி முடிந்த பிறகும் வாடிக்கையாளர் டிப்ஸ் சேர்க்க வழி உண்டு என்பதால் சில தொகைகள் தாமதமாக வரும்.

டிப்ஸை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன ஜொமேட்டோ கணக்கில், 2025-ல் மணிக்குச் சராசரி டிப்ஸ் 2 ரூபாய் 60 பைசா. டிப்ஸ் வந்த ஆர்டர்கள் சுமார் 5 சதவீதம். பத்து மணி நேரம் ஓட்டினால் 26 ரூபாய், ஒரு டீயும் வடையும். கூலி சரியாக இருந்தால்தான் டிப்ஸ் என்பது நன்றியாக இருக்கும். கூலியின் ஓட்டையை அடைக்க டிப்ஸைக் காட்டுவது வாடிக்கையாளர் தலையிலும் ரைடர் தலையிலும் சேர்த்துப் பாரம் ஏற்றுவது.

டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்க முடியுமா?

முடியும், நடந்திருக்கிறது. அமெரிக்காவில் டோர்டாஷ் என்ற உணவு டெலிவரி நிறுவனம் 2017 முதல் 2019 வரை ஒரு முறையை வைத்திருந்தது. ஒரு ஆர்டருக்கு 10 டாலர் உத்தரவாதம் என்று ரைடரிடம் சொல்லப்பட்டதாக வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் டிப்ஸ் தராவிட்டால் 10 டாலரும் நிறுவனம் கொடுக்கும். 3 டாலர் டிப்ஸ் தந்தால் நிறுவனம் 7 டாலர்தான் கொடுக்கும். ரைடர் கைக்கு வருவது இரண்டு முறையும் 10. வாடிக்கையாளர் கொடுத்த 3 டாலர் நிறுவனத்துக்கு மிச்சம். நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் விசாரித்து, 2025 பிப்ரவரியில் 1 கோடியே 67 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு டோர்டாஷ் உடன்பாட்டுக்கு வந்தது. அமேசானுக்காகச் சொந்த வண்டியில் பார்சல் கொடுக்கும் 'அமேசான் ஃப்ளெக்ஸ்' ஓட்டுநர்களின் டிப்ஸ் விவகாரத்தில் அமெரிக்க வர்த்தக ஆணையம் 2021-ல் 6 கோடியே 17 லட்சம் டாலர் பெற்றது.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'மினிமம் கியாரண்டி'. "வாரம் இத்தனை மணி நேரம் லாகினில் இருந்தால் இவ்வளவு நிச்சயம்" என்று மெசேஜ் வந்தால், அந்தத் தொகைக்குள் டிப்ஸும் சேருமா என்று சப்போர்ட் சாட்டில் எழுத்தில் கேளுங்கள். பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சேரும் என்றால், உங்களுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாய் டிப்ஸும் நிறுவனத்தின் செலவைக் குறைக்கிறது என்று பொருள்.

ஆர்டர் போடுபவன் நான். கையில் கொடுப்பதா, ஆப்பில் கொடுப்பதா?

கையில் கொடுத்தால் அந்த நிமிடமே அவருக்குப் பயன்படும். பெட்ரோல் போடலாம், பஞ்சர் ஒட்டலாம். ரைடரின் சொந்த யுபிஐக்கு அனுப்புவதும் அதே போலத்தான். சில்லறை இல்லாதவர்களுக்கு ஆப் வசதி, அதோடு ஒரு பதிவும் இருக்கும். கேஷ் ஆன் டெலிவரியில் மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். 380 ரூபாய் பில்லுக்கு 400 கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினால், மீதி உங்களுக்கா எனக்கா என்று அவர் வாசலில் தயங்கி நிற்க வேண்டியிருக்கும்.

டெலிவரி கட்டணமும் பிளாட்பார்ம் கட்டணமும் ரைடருக்குத்தானே?

பிளாட்பார்ம் கட்டணம் முழுக்க நிறுவனத்துக்கு. 2023-ல் 2 ரூபாயாக ஆரம்பித்தது. பேக்கிங் கட்டணம் ஹோட்டலுக்கு. டெலிவரி கட்டணத்துக்கும் ரைடரின் ரேட் கார்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. உங்களுக்கு இலவச டெலிவரி என்றாலும் அவருக்குக் கூலி உண்டு. நீங்கள் 60 ரூபாய் கட்டினாலும் அவருக்கு அதைவிடக் குறைவாகக் கிடைக்கலாம்.

இன்சென்டிவ் ஒரு ஆர்டரில் தவறிப்போகிறது. ஏன் எப்போதும் இப்படி?

இன்சென்டிவில் ஆர்டர் எண்ணிக்கை மட்டும் இருக்காது. ரிஜெக்ட் செய்த ஆர்டர்கள், பீக் நேரத்தில் லாகினில் இருந்த நிமிடங்கள், ரேட்டிங் என்று பக்கத்தில் சின்ன எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். இரவு 8 முதல் 10 வரை முழுக்க இருக்க வேண்டும் என்றால், நடுவே போன் சார்ஜ் இறங்கி ஏழு நிமிடம் ஆஃப்லைன் ஆனதுகூட இன்சென்டிவைத் தட்டிவிடும். பவர் பேங்க் இல்லாமல் மாலை ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டாம். கடைசி ஆர்டர் 11:58-க்கு எடுத்து 12:20-க்கு முடிந்தால், அது எந்த நாள் கணக்கு என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நிபந்தனைப் பக்கத்தைக் காலையிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இரவில் அது மாறியிருந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

பேஅவுட்டில் (நிறுவனம் வங்கிக் கணக்கில் போடும் தொகையில்) காசு குறைந்திருக்கிறது. என்ன செய்வது?

முதலில் எதில் குறைந்தது என்று பிரியுங்கள். ஆர்டர் கூலியா, இன்சென்டிவா, கேஷ் கணக்கா, பெனால்டியா? பெரும்பாலான குழப்பம் கேஷ் ஆன் டெலிவரி பணத்தில் வரும். கையில் வாங்கிய பணத்தை நீங்கள் கட்டாவிட்டால் பேஅவுட்டில் கழித்துக்கொள்வார்கள். கட்டியும் கழித்திருந்தால் யுபிஐ பரிவர்த்தனை எண்ணோடு ஆப் சப்போர்ட்டில் டிக்கெட், அதாவது புகார், போடுங்கள்.

டிக்கெட்டில் "சம்பளம் கம்மியா வந்திருக்கு" என்று எழுதினால் தயாராக வைத்திருக்கும் பதில் ஒன்று வந்து டிக்கெட் மூடப்படும். தேதி, ஆர்டர் எண், ஆப் காட்டிய தொகை, வந்த தொகை, வித்தியாசம் என்று ஐந்தும் எழுதுங்கள். ஒரு டிக்கெட்டில் ஒரு பிரச்சினை. டீம் லீடரிடம் போனில் பேசினாலும், பேசியதை வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: "இன்று காலை பேசியபடி, 14-ம் தேதி இன்சென்டிவ் 250 வரவில்லை." அது பிறகு சாட்சி.

தீராவிட்டால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல். அதற்கும் பதில் இல்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வழக்குக்கு முந்தைய சமரசமாக உங்கள் மனுவை எடுத்து நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்ப அவர்களால் முடியும். ஒப்பந்தத்தில் வேறு ஊர் நீதிமன்றம் என்று எழுதியிருந்தால், அதையும் அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.

திடீரென்று ஐடியை பிளாக் செய்துவிட்டார்கள்.

ஐடி போனதும் வருமான விவரம், ஆர்டர் வரலாறு எல்லாம் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும் என்பதுதான் இதில் மோசம். கையில் எஞ்சுவது வங்கி ஸ்டேட்மென்ட் மட்டும். அதனால் ஐடி நன்றாக இருக்கும்போதே வாரம் ஒரு முறை வருமானப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு இடத்தில் சேமியுங்கள்.

பிளாக் ஆனால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிலுவைத் தொகையைத் தனி மின்னஞ்சலில் கேளுங்கள். இரண்டையும் கலந்தால், ஐடி விசாரணை முடியட்டும் என்று சொல்லிக் காசையும் நிறுத்திவைப்பார்கள். ஓட்டிய ஆர்டருக்கான கூலி, ஐடி இருந்தாலும் போனாலும் உங்களுடையது. கர்நாடகத்தின் 2025-ம் ஆண்டு சட்டம், காரணத்தோடு 14 நாள் முன்னறிவிப்பு கொடுக்காமல் நீக்கக் கூடாது என்கிறது. இப்படி ஒரு விதி தமிழ்நாட்டுக்கும் வர வேண்டும்.

டிடிஎஸ் (கூலியிலிருந்து முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) என்று பிடிக்கிறார்களே, அது திரும்ப வருமா?

வரும். கேட்டால்தான் வரும். ஒப்பந்தக்காரர் என்ற கணக்கில் 1 சதவீதம் பிடிக்கிறார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் வரை போகும். ஆண்டுக்கு 3 லட்சம் வந்தவருக்கு 3,000 பிடித்திருப்பார்கள். வேறு வருமானம் இல்லாதவருக்கு அந்த வருமானத்துக்கு வரியே கிடையாது, 3,000 ரூபாயும் அவருக்கே சொந்தம்.

வருமான வரி இணையதளத்தில் பான் எண்ணால் நுழைந்து 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால் எந்த நிறுவனம் எவ்வளவு கட்டியது என்று தெரியும். பிடித்தது உண்டு, படிவத்தில் இல்லை என்றால் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். பிறகு ரிட்டர்ன் தாக்கல். பெரும்பாலான ரைடர்களுக்கு உத்தேச வருமான முறையில் (வரவில் ஒரு பங்கை லாபம் என்று காட்டும் முறை) ஐடிஆர்-4 படிவம் பொருந்தும். வங்கிக் கணக்கை அதே தளத்தில் முன்கூட்டிச் சரிபார்த்து வையுங்கள். தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் உறுதி செய்ய மறந்தால் அந்த ரிட்டர்ன் செல்லாமல் போகும். வெளியில் கொடுத்து தாக்கல் செய்பவர்கள், ரீஃபண்டில் சதவீதம் கேட்பவர்களைத் தவிர்த்து, தொகையை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஓடும்போது விபத்து நடந்தால்?

முதலில் சிகிச்சை. தமிழ்நாட்டில் நடக்கும் சாலை விபத்துகளுக்கு முதல் 48 மணி நேரம் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் காசு கட்டாமல் சிகிச்சை பெறலாம். 108-ல் வருபவர்களிடமே அப்படிப்பட்ட மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

அடுத்தது ஆதாரம். நிறுவனத்தின் விபத்துக் காப்பீடு பொதுவாக லாகினில் இருந்தபோது நடந்த விபத்துக்குத்தான். கூட வந்த நண்பரிடம் சொல்லி, ஆர்டர் திரையை நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். மருத்துவமனையில் ஏஆர் (விபத்துப் பதிவேடு) காப்பியும், போலீசில் எஃப்ஐஆர் நகலும் வாங்குங்கள். ஏஆரில் "தானாக விழுந்தார்" என்று எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. மோதிய வண்டி இருந்தால் அதன் எண்ணை டாக்டரிடம் சொல்லி எழுதவையுங்கள். மோதிய வண்டியின் காப்பீட்டிலிருந்து இழப்பீடு கேட்க, மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும்.

வெள்ளை நம்பர் பிளேட் சொந்த வண்டியைத் தொழிலுக்கு ஓட்டினால், வண்டிச் சேதத்துக்கான க்ளெய்மைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம். பாலிசி புதுப்பிக்கும்போது இதை வெளிப்படையாகக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கெல்லாம் பதிவு செய்ய வேண்டும்?

இரண்டு இடம். ஒன்று மத்திய அரசின் அமைப்புசாராத் தொழிலாளர் பதிவுத் தளமான இ-ஷ்ரம். ஆதார், அதோடு இணைந்த போன் எண், வங்கிக் கணக்கு போதும். சந்தேகத்துக்கு 14434. பதிவில் தொழிலைக் கேட்குமிடத்தில் பிளாட்பார்ம் தொழிலாளி என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டுநர் என்று போட்டுவிட்டவர்கள் திருத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று தமிழ்நாடு அரசின் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர் நலவாரியம். 2023-ல் அமைந்தது. அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரிய இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் பாஸ்புக், போட்டோ, ஆப் ஐடியின் படம் ஆகியவற்றை முன்பே ஸ்கேன் செய்து வையுங்கள். ஆதாரிலும் பாஸ்புக்கிலும் இனிஷியல் வேறு வேறாக இருப்பது விண்ணப்பம் திரும்பி வரும் வழக்கமான காரணங்களில் ஒன்று. 2025-26 பட்ஜெட்டில் இந்த வாரிய உறுப்பினர்கள் 2,000 பேருக்குப் புதிய மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. பதிவு இல்லாதவர் இதற்கெல்லாம் வரிசையில்கூட நிற்க முடியாது.

காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி கொடுக்கும் ஊர் எங்காவது இருக்கிறதா?

நியூயார்க் நகரம். 2021-ல் நகரசபை சட்டம் போட்டது. நிறுவனங்கள் நீதிமன்றம் போனதால் தாமதமாகி, 2023 டிசம்பரில் மணிக்கு 17.96 டாலர் என்று தொடங்கியது. 2025 ஏப்ரல் 1-ல் அது 21.44 டாலராக உயர்ந்தது. டிப்ஸ் இதற்கு வெளியே. ஆர்டருக்காகக் காத்திருக்கும் நேரமும் கணக்கில் உண்டு.

விதி வந்ததும் சில நிறுவனங்கள் டிப்ஸ் கேட்கும் திரையைப் பணம் கட்டும் இடத்திலிருந்து எடுத்து, டெலிவரிக்குப் பிறகு தள்ளிவைத்தன. டிப்ஸ் சரிந்தது. நகரசபை மறுபடி சட்டம் போட்டு, 2026 ஜனவரி 26 முதல் பணம் கட்டும்போதே டிப்ஸ் கேட்க வேண்டும், குறைந்தது 10 சதவீதத்துக்கு ஒரு பட்டன் இருக்க வேண்டும் என்றது. ஒரு திரை இருக்கும் இடம்கூட ரைடரின் வருமானத்தை மாற்றும் என்பதால், இங்கே சட்டம் கேட்பவர்கள் கூலி, டிப்ஸ் இரண்டையும் ஒன்றாக எழுதிக் கேட்க வேண்டும்.

கழிப்பறை, தண்ணீர், உட்கார இடம்?

சென்னை மாநகராட்சி 2025-ல் அண்ணா நகரில் கழிப்பறையும் சார்ஜ் போடும் வசதியும் கொண்ட குளிர்சாதன ஓய்வறையைத் திறந்தது. நகரத்தின் அளவுக்கு இன்னும் நிறைய வேண்டும். அதுவரை, பார்சல் எடுக்கும் ஹோட்டலில் தயங்காமல் கேளுங்கள். அபார்ட்மென்ட் சங்கத்தில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது, கேட்டில் ஒரு தண்ணீர் கேனும், ரைடர்களும் லிஃப்டில் போகலாம் என்று செக்யூரிட்டிக்கு எழுத்தில் ஒரு உத்தரவும்.